வருஷத்துக்கு ஒரு நாள் சுட்டால் போதுமா? வேலூர் போலீசுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

ஒரு ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். தங்கச்சி மகன் போன் செய்தான். சப் இன்ஸ்பெக்டர். அன்றைக்கு ஆந்திர எல்லைப் பக்கம் செக்போஸ்ட் டியூட்டி.

"தூங்கிட்டீங்களா மாமா?"

"இல்லப்பா, சொல்லு."

"ஒன்னும் இல்ல மாமா. பிஸ்டல் இடுப்புல கீது. கடைசியா இத எப்போ சுட்டேன்னு யோசிச்சிக்கினு இருந்தேன். பத்து மாசத்துக்கு மேல ஆவுது. இப்போ ஒருத்தன் கத்தியோட வந்தா சேஃப்டிய தள்ளுறதுக்கே கை தடுமாறும்போல கீது."

அவன் பயந்தவன் இல்லை. ஊனமாஞ்சேரி அகாடமியில் ஒரு வருஷம் பயிற்சி எடுத்தவன், அங்கே நன்றாகச் சுட்டவன். அதனால்தான் அவன் சொன்னது எனக்கு உறைத்தது. ஒருநாள் நன்றாகச் செய்த கை, பழக்கம் விட்டுப்போனதைத் தானே உணர்ந்து சொல்கிறது. அவன் எந்த ஸ்டேஷன், எந்த செக்போஸ்ட் என்பதை இங்கே எழுதவில்லை. இது ஒரு இடத்தின் குறை இல்லை.

நான் போலீஸ் ஆயுதப்படையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பல வருஷம் ஆயுதக் கிடங்கிலும், சுட்டுப் பழகும் மைதானமான ரேஞ்சிலும் போனது. .410 மஸ்கட், .303, எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் ரைபிள்கள், 9 எம்.எம். பிஸ்டல் என்று எல்லாம் என் கை வழியாகப் போய் வந்திருக்கின்றன. மருமகன் சொன்னதற்கு அன்று ராத்திரி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன். கேள்வி இதுதான்: போலீசுக்கு இப்போது கிடைக்கிற சுடும் பயிற்சி போதாது என்றால், இருக்கிற ஆளையும் நேரத்தையும் பணத்தையும் வைத்து எந்த வழியில் போகலாம்? ரேஞ்சில் தோட்டாவைக் கூட்டுவதா, சிமுலேட்டர் வாங்குவதா, அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதா, இல்லை துப்பாக்கி ஏந்துகிறவர்களையே குறைப்பதா?

முதலில் இப்போது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், உள்ளே இருக்கும் காவலர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் ஓடுவதையும் கவாத்து செய்வதையும் பார்த்திருப்பார்கள். அந்த ஏழு மாதத்தில்தான் ஒரு காவலர் முதன்முதலாகத் துப்பாக்கியைப் பிரிக்க, பூட்ட, படுத்துச் சுடக் கற்றுக்கொள்கிறார். அங்கே சொல்லித்தருவது நல்ல அடிப்படை. பிரச்சினை அதற்குப் பிறகு. ஆயுதப்படைக்கு வந்தவருக்கு வருடாந்திரக் கவாத்துப் பயிற்சி உண்டு, அதில் ஒரு பகுதியாக ரேஞ்சுக்குப் போவார். தாலுகா ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் அதுவும் தேய்ந்துவிடும். ரைட்டர் வேலை, கோர்ட் டியூட்டி, சம்மன், பாஸ்போர்ட் விசாரணை என்று வருஷம் ஓடிவிடும். துப்பாக்கி பெட்டியில் பூட்டிக் கிடக்கும். எலெக்‌ஷனோ கலவரமோ வந்தால் திறப்பார்கள்.

அந்த ஒரு நாள் ரேஞ்ச் கூட எல்லா வருஷமும் குறித்த தேதியில் நடக்கும் என்று சொல்ல முடியாது. நம்ம பக்கத்து நாட்காட்டியைப் பாருங்கள். தை பிறந்தால் ஊர் ஊராக எருது விடும் விழா, மாசி முடிகிற வரை பந்தோபஸ்து. மே மாதம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு. கார்த்திகையில் திருவண்ணாமலை தீபத்துக்குச் சரகம் முழுக்க ஆள் போக வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம். ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு வி.ஐ.பி. வருவார். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் யாராவது போனால் வழி நெடுக நிற்க வேண்டும். தொரப்பாடி மத்திய சிறையிலிருந்து கைதிகளைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகும் எஸ்கார்ட் ஒரு நாளும் நிற்காது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரித்தார்கள். ஆள் மூன்றாகப் பிரிந்தார்கள், வேலை எதுவும் பிரிந்து குறையவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்த பயிற்சிதான் முதலில் தள்ளிப்போகும். இதை மனதில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

இது ஏன் இப்போது அவசரம்? 2020 ஜனவரி 8-ஆம் தேதி களியக்காவிளை செக்போஸ்ட்டில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடியவர்களைத் தனியாகத் துரத்திப் பிடித்தவர், வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, ரோந்து போகிறவர்கள் ஆயுதத்தோடு போக வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்குச் சுடத் தயங்கக் கூடாது என்று சொன்னார். நியாயமான பேச்சு. அதைக் கேட்டு எங்கள் ஆட்கள் பலர் நெஞ்சு நிமிர்ந்தார்கள்.

ஆனால் 2017 டிசம்பரை நான் மறக்கவில்லை. மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் நகைக்கொள்ளைக் கும்பலைத் தேடி ராஜஸ்தான் பாலி மாவட்டத்துக்குப் போனார். அங்கே நடந்த தள்ளுமுள்ளில் குண்டு பட்டு இறந்தார். கொள்ளையன் சுட்டுவிட்டான் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். சக அதிகாரியின் கைத்துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. அந்த அதிகாரியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நெருக்கடியில், இருட்டில், ஆள் மேல் ஆள் விழுகிற இடத்தில், விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதை மூளை யோசித்துச் சொல்லாது. விரலுக்கே அது பழகியிருக்க வேண்டும். வில்சனும் பூமிநாதனும் துப்பாக்கி கையில் இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிப் போனார்கள். பெரியபாண்டியன், பழக்கமில்லாத துப்பாக்கி பக்கத்தில் நிற்கிற நம்ம ஆளையே கொல்லும் என்று சொல்லிப் போனார்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, எல்லோரும் உடனே கேட்பது: ரேஞ்சுக்கு அதிகத் தடவை அனுப்பு, தோட்டா அதிகம் கொடு. உண்மைத் தோட்டாவுக்கு மாற்று கிடையாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சத்தம், தோளில் வாங்குகிற உதை, வெடிமருந்து நெடி, பக்கத்து ஆள் சுடும்போது உங்கள் கண் தானாக மூடிக்கொள்வது, இதெல்லாம் ரேஞ்சில்தான் தெரியும். முதல் ரவுண்டு சுட்டதும் இரண்டாவது ரவுண்டுக்குத் தோள் முன்கூட்டியே சுருங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இந்தச் சுருக்கம் இருக்கும். குறி தாழ்ந்து போவது அதனால்தான். பத்து ரவுண்டில் இது போகாது.

கஷ்டம் மூன்று. ஒன்று, இடம். எஸ்.எல்.ஆர். தோட்டா மூன்று கிலோமீட்டர் தாண்டியும் போகும். பின்னால் மலை இருந்தால்தான் ரேஞ்ச் போட முடியும். வேலூரில் மலைக்குக் குறைவில்லை, ஆனால் அந்த மலைகளில் ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், விறகு பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மலையடிவாரம் வரை வீடு வந்துவிட்டது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்து ரேஞ்சில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தபோது, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து இறந்தான். அந்தச் செய்தி வந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எத்தனை தடவை நானே சிவப்புக் கொடி கட்டிவிட்டு, எல்லாம் சரி என்று விசில் கொடுத்திருப்பேன்! ரேஞ்சைத் திறக்கும் நாட்களைக் கூட்டினால் இந்த ஆபத்தும் கூடும், அதற்கு ஏற்ற காவலும் கூட வேண்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே சொன்ன பந்தோபஸ்து. ஒரு நாள் ரேஞ்ச் என்றால் வண்டி, ஆம்புலன்ஸ், தடுப்புக் காவல், குறி அட்டைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இறங்கி வேலை பார்க்கும் ஆட்கள், சுட்ட பிறகு காலித் தோட்டா ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைக்கும் வேலை என்று ஒரு கம்பெனி போலீசே கட்டிப்போடப்படும். பக்கத்தில் பெரிய இடங்கள் இல்லாமல் இல்லை. சேவூரில் சிறப்புக் காவல் படையின் 15-ஆம் அணி இருக்கிறது. அரக்கோணம் தக்கோலத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. மாநில போலீசுக்கு ஒத்திவாக்கத்தில் ரேஞ்ச் இருக்கிறது. ஆனால் ஒத்திவாக்கம் போய் வர ஒரு முழு நாள் போய்விடும். குடியாத்தம் ஸ்டேஷனிலிருந்து நாலு பேரை ஒரு நாள் முழுக்க அனுப்பினால் அன்றைக்கு ரோந்து யார் போவது?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரேஞ்சில் நாம் பழகுவது என்ன? படுத்துக்கொண்டு, பட்டப்பகலில், அசையாத அட்டையை, கட்டளை வந்த பிறகு, நிதானமாக மூச்சைப் பிடித்துச் சுடுவது. செக்போஸ்ட்டில் நடப்பது என்ன? நின்றுகொண்டு, இருட்டில், நாலு அடி தூரத்தில், வண்டி லைட் கண்ணில் அடிக்க, சுடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பது. ஒன்றுக்கு எழுதிய பரீட்சையை வைத்து இன்னொன்றில் தேறுவான் என்று நம்புகிறோம்.

நம்மைவிட வசதியான இடத்தில் இது எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். நியூயார்க் போலீசார் எல்லோரும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை சுட்டுத் தேற வேண்டியவர்கள். அவர்களைப் பற்றி ராண்ட் என்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008-ல் கொடுத்த அறிக்கையில், 1998 முதல் 2006 வரை நடந்த துப்பாக்கிச் சண்டைகளில் போலீஸ் சுட்ட குண்டுகளில் குறியில் பட்டது சுமார் 18 சதவீதம்தான் என்று இருக்கிறது. எதிராளி திருப்பிச் சுடாதபோதுகூட சுமார் 30 சதவீதம். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே இரண்டு போலீசார் ஒரு கொலையாளியை எதிர்த்து 16 ரவுண்டு சுட்டார்கள். அவன் செத்தான். கூடவே வழியில் போன ஒன்பது பேருக்குக் காயம், எல்லாம் போலீஸ் குண்டும் அதன் சிதறலும் பட்டது. அந்த இடத்தில் நம்ம வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டையோ, சி.எம்.சி. வாசலையோ வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிற கூட்டத்தில் ஒரு ரவுண்டு தப்பிப் போனால் எங்கே போய் நிற்கும்?

ஆக, ரேஞ்ச் நாளைக் கூட்டுவது மட்டும் போதாது. அது தேர்வு மாதிரி. தேர்வை இரண்டு தடவை வைத்தால் பாடம் படித்ததாக ஆகிவிடாது.

இரண்டாவது வழி சிமுலேட்டர். பெரிய திரை, லேசர் வைத்த துப்பாக்கி, எதிரே படம் ஓடும். ஹைதராபாத்தில் ஜென் டெக்னாலஜீஸ் போன்ற கம்பெனிகள் நம்ம நாட்டிலேயே இதைச் செய்கிறார்கள். தோட்டாச் செலவு இல்லை, மழை வெயில் இல்லை. மே மாதம் வேலூர் வெயிலில் ரேஞ்சில் படுத்தவனுக்குத்தான் இந்த ஏ.சி. அறையின் அருமை தெரியும். ஆனால் இதன் உண்மையான பலம் வேறு. எப்போது சுடக் கூடாது என்பதைப் பழக்க நல்ல கருவி இது. திரையில் ஒருவன் பாக்கெட்டில் கை விடுகிறான். எடுப்பது செல்போனா, கத்தியா? அரை நொடியில் முடிவு எடுக்க வேண்டும். தப்பாகச் சுட்டால் யாரும் சாகவில்லை, திரும்பப் படத்தைப் போட்டுப் பேசலாம்.

இந்தப் பேச்சுக்கு நம்ம மாநிலத்தில் தேவை அதிகம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். 2022-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மேலும் குண்டு பாய்ந்ததைப் பதிவு செய்தது. அங்கே சுட்டவர்களுக்குக் குறி தவறவில்லை. சுடலாமா என்கிற முடிவுதான் தவறியது. குறி பார்க்கிற பயிற்சியை மட்டும் கூட்டிக்கொண்டே போய், முடிவு எடுக்கிற பயிற்சியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யப் போகும்போது உயிரைப் பறிக்கும் உரிமை கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் வந்த புதியதில் 43-ஆம் பிரிவு. போலீஸ் சுட்டு யாராவது இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகள் கொடுத்திருக்கிறது. துப்பாக்கியைத் தடய அறிவியல் சோதனைக்கு ஒப்படைப்பது உட்பட. இதை வகுப்பில் வாசித்துக் காட்டினால் காதில் ஏறாது. திரைக்கு முன்னால் நிறுத்தி, "ஏன்டா சுட்டே, எந்தப் பிரிவு?" என்று கேட்டால் ஏறும்.

குறை என்றால் விலை, பராமரிப்பு. வாங்கின வருஷம் திறப்பு விழா, மூன்றாம் வருஷம் புரொஜக்டர் பல்ப் போய் துணி போட்டு மூடி வைத்திருப்பது, இப்படி நான் பார்த்த கருவிகள் உண்டு. உதை தெரியாது, சத்தம் பயமுறுத்தாது, விளையாட்டுப் பிள்ளை மனசு வந்துவிடும் ஆபத்தும் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்று என்று கேட்பது பேராசை. வேலூர் சரகத்து நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒன்றை லாரியில் ஏற்றி, மாதம் ஒரு வாரம் ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தினால் பிரயோஜனம்.

மூன்றாவது வழிக்கு எந்தப் பெயரும் விழாவும் கிடையாது. ரோல்காலுக்கு வந்த இடத்தில், வாரம் இரண்டு தடவை, கால் மணி நேரம், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு பழகுவது. டிரை பிராக்டிஸ் என்று நாங்கள் சொல்வோம். ரிசர்வ் லைனில் பழைய வாத்தியார்கள் இதைத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் இதைத் தண்டனை கவாத்து மாதிரி ஆக்கி, மதிப்பைக் கெடுத்தார்கள்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். அந்த அறைக்குள் ஒரு உண்மைத் தோட்டாகூட வரக் கூடாது. துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் ஒருவர் வாசலில் நின்று மேகசினைக் கழற்றி, தோட்டா நிற்கும் சேம்பரில் விரல் விட்டுப் பார்த்து உள்ளே அனுப்புவார். பார்த்தவர் சொல்வதை நம்பாமல் பக்கத்தில் நிற்பவரும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். இதுவே முதல் பாடம். நான் பார்த்த வரை, துப்பாக்கி விபத்துகள் சண்டையில் நடந்ததைவிட, டியூட்டி மாற்றும்போதும் துடைக்கும்போதும் நடந்தவைதான் அதிகம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், "காலிதான் அண்ணே" என்று கொடுத்த துப்பாக்கி கூரையில் ஓட்டை போட்டது. யாருக்கும் அடி இல்லை. கொடுத்தவன் கை ஒரு வாரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அப்புறம் உறையிலிருந்து எடுப்பது. விரல் டிரிக்கருக்கு வெளியே, உடம்போடு ஒட்டி, முனை தரையைப் பார்க்க. நூறு தடவை. சேஃப்டியைத் தள்ளுவது, இழுப்பது. மருமகன் தடுமாறும் என்று சொன்னது இதைத்தான். இதற்கு ஒரு தோட்டாகூடச் செலவில்லை. அடுத்து நாணயப் பயிற்சி. துப்பாக்கியின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து டிரிக்கரை அழுத்துங்கள், காசு விழக் கூடாது. முதல் நாள் எல்லோருக்கும் விழும். மூன்றாவது வாரம் விழாது. ரேஞ்சில் பத்து ரவுண்டில் போகாத அந்தத் தோள் சுருக்கம் இங்கே போகும். வெடிக்காத டம்மி ரவுண்டு இரண்டை நடுவே கலந்து வைத்து, துப்பாக்கி சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கண்ணை மூடிக்கொண்டு பழக வேண்டும். கடைசியில், எடுத்த துப்பாக்கியைச் சுடாமல் திரும்ப உறையில் வைப்பது. எடுத்தால் சுட்டே ஆக வேண்டும் என்று கைக்குப் பழக்கம் வந்துவிடக் கூடாது.

இதோடு ஒரு ஏர் பிஸ்டல் சேர்ந்தால் போதும். பத்து மீட்டர் நீளம் இருக்கிற எந்த மண்டபமும், ஒழுங்காகத் தடுப்பு வைத்தால், ரேஞ்ச் ஆகிவிடும். பெல்லட்டின் விலை தோட்டா விலைக்குப் பக்கத்தில் வராது. குறி, மூச்சு, டிரிக்கர் மூன்றும் இதிலேயே வந்துவிடும். கணக்குப் போட்டால் வாரம் இரண்டு கால் மணி நேரம் என்பது வருஷத்துக்கு 26 மணி நேரம். எருது விடும் விழா வந்தால் ஒரு வாரம் போகட்டும், அடுத்த வாரம் திரும்ப ஆரம்பிக்கலாம். சின்னதாக இருப்பதுதான் இதன் பலம். வருஷத்துக்கு ஒரு தடவை என்பதைப் பந்தோபஸ்து விழுங்கிவிடும், கால் மணி நேரத்தை முழுசாக விழுங்க முடியாது.

இன்னொரு லாபமும் உண்டு. தினம் கையில் எடுக்கிற துப்பாக்கியின் கோளாறு தினம் தெரியும். 2019 ஆகஸ்டில் பீகாரில் முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் மரியாதைக்கு உயர்த்திய 22 ரைபிள்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அது மரியாதை வேட்டு, யார் உயிரும் போகவில்லை. அதே ரைபிள்கள் ஒரு ராத்திரி செக்போஸ்ட்டில் இருந்திருந்தால் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த வழியின் குறை, சொல்லித்தருகிறவர். மனசு வைத்த வாத்தியார் இல்லாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் நடக்கும். தப்பான பழக்கம் ஒன்று நூறு தடவை செய்து இறுகிவிட்டால் அதை எடுப்பது கஷ்டம். அதனால் ஒவ்வொரு சப் டிவிஷனுக்கும் இரண்டு பேரையாவது ஒத்திவாக்கத்துக்கு அனுப்பி ஒழுங்காகத் தயார் செய்ய வேண்டும். எல்லோரையும் அனுப்புவதற்குப் பதில் வாத்தியாரை அனுப்புவது, இது முடியக்கூடியது.

நான்காவது வழியைச் சொன்னால் என் கூட வேலை பார்த்தவர்களே கோபப்படுவார்கள். துப்பாக்கி ஏந்துகிறவர்களைக் குறைத்து, அந்தக் குறைந்த பேருக்கு நிறையப் பயிற்சி கொடுப்பது. இங்கிலாந்தில் அப்படித்தான். அங்கே சாதாரண ரோந்துப் போலீசிடம் துப்பாக்கி கிடையாது, ஆயுதம் ஏந்தத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இது அப்படியே இங்கே ஒட்டாது. களியக்காவிளை நடந்த மாநிலத்தில், ஆந்திர எல்லையில் கிறிஸ்டியான்பேட்டை, பத்தலப்பல்லி செக்போஸ்ட்டுகளில் ராத்திரி நிற்கிறவனிடம் ஆயுதத்தை எடு என்று சொல்ல என் நாக்கு எழாது.

ஆனால் இந்த வழிக்குள் ஓர் உண்மை இருக்கிறது. துப்பாக்கி சீருடையின் ஒரு பகுதி என்று நாம் பழகிவிட்டோம். எஸ்கார்ட்டுக்குப் போகிற ஆறு பேரில் ஆறு பேரும் எஸ்.எல்.ஆர். தூக்கிக்கொண்டு சத்துவாச்சாரி கோர்ட் வாசல் கூட்டத்துக்குள் நிற்க வேண்டுமா? ஆஸ்பத்திரியில் கைதிக்குக் காவல் இருக்கிறவனுக்கு, வார்டுக்குள் மூன்று கிலோமீட்டர் பாயும் ரைபிள் எதற்கு? இரண்டு பேரிடம் துப்பாக்கி, அந்த இரண்டு பேர் நன்றாகப் பழகியவர்கள், மற்றவர்கள் தடியும் கைவிலங்குமாக நெருங்கி நிற்பது, இது பாதுகாப்புக் குறைவு இல்லை. கைதி பிடுங்கக்கூடிய துப்பாக்கி நான்கு குறைகிறது.

நம்ம வடாற்காட்டு மக்களுக்குப் போலீஸ் துப்பாக்கி பற்றி வேறு ஒரு ஞாபகமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் அந்த மாநிலத்துச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டு 20 பேர் இறந்தார்கள். அதில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்துக் கூலி ஆட்கள். சுட்டது நம்ம போலீஸ் இல்லை. ஆனால் போளூரிலோ ஜமுனாமரத்தூரிலோ ஒரு வீட்டுக்குப் போய் இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. அந்த மலைக்கு விசாரணைக்குப் போகிற காவலர் தோளில் துப்பாக்கியோடு போனால் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. எங்கே எடுத்துப் போகக் கூடாது என்று தெரிவதும் ஆயுதப் பயிற்சிதான்.

எனக்கு அதிகாரம் இருந்தால் மூன்றாவது வழியைத்தான் முதுகெலும்பாக வைப்பேன். நான்காவதிலிருந்து, டியூட்டிக்கு ஏற்ற ஆயுதம், எண்ணிக்கையில் குறைவு என்பதை எடுத்துக்கொள்வேன். ரேஞ்சை வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வாக வைப்பேன், அதில் பாதி ரவுண்டு நின்றுகொண்டு, பத்து மீட்டருக்குள், அந்தி நேரத்தில். சிமுலேட்டர் கடைசி, பணம் வந்தால். புதுப்புதுத் துப்பாக்கி வாங்குவது அதற்கும் பிறகு. பழைய கை புதிய துப்பாக்கியிலும் பழைய கைதான்.

இதெல்லாம் மேலே இருக்கிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு என்று மருமகன் சொன்னான். பாதி உண்மை. ஒரு காரியத்துக்கு மட்டும் பெரிய உத்தரவு தேவையில்லை. ஒவ்வொரு ஆயுதக் கிடங்கிலும் துப்பாக்கி கொடுக்கும்போது எழுதுகிற பதிவேடு இருக்கிறது. பெயர், எண், துப்பாக்கி எண், ரவுண்டு எத்தனை, வாங்கிய நேரம், கையெழுத்து. அதில் இன்னொரு கட்டம் போட வேண்டும்: கடைசியாகச் சுட்ட தேதி. ஆறு மாதம் தாண்டியிருந்தால் ஆர்மரர் துப்பாக்கியைக் கொடுக்கும் முன் அந்த இடத்திலேயே, மணல் வாளிக்கு முன்னால், கால் மணி நேரம் காலித் துப்பாக்கியோடு பழக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த வாரமே ரேஞ்ச் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். ஒரு ஸ்கேலும் சிவப்பு மையும் இருந்தால் கட்டம் போட்டுவிடலாம்.

காவலர் குறைதீர் நாளில் இதை மனுவாக எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று மருமகன் சொல்லியிருக்கிறான். "நீங்களே எழுதிக் குடுங்க மாமா, உங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்றான். ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வான்.